அரசமைப்பு நீதி நாட்டுக்கு நாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமைகளின் பட்டியலை மட்டும் படித்தால் உலகத்து அரசமைப்புச் சட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். சமத்துவம், பேச்சுரிமை, உயிர்வாழும் உரிமை என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேறுபாடு நடைமுறையில்தான் இருக்கிறது: யார் கேட்கலாம், எந்தக் கட்டத்தில் கேட்கலாம், எத்தனை நாளுக்குள், எந்த நீதிமன்றத்தில், ஜெயித்தால் கையில் என்ன கிடைக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஐந்தையும் சுற்றியே வருகின்றன. உரிமை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட, அதை எத்தனை நாளுக்குள் கேட்டாக வேண்டும் என்பது ஒரு குடிமகனுக்கு முக்கியமானது.

அரசமைப்பு நீதி என்று எதைச் சொல்கிறோம்?

நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, அரசு எடுத்த நடவடிக்கையோ அரசமைப்புச் சட்டத்துக்கு முரணாக இருக்கிறதா என்று நீதிபதிகள் பார்த்து முடிவு சொல்வது. சில நாடுகளில் மத்திய மாநிலத் தகராறு, தேர்தல், பதவி நீக்கம் ஆகியவையும் இதில் சேரும். தென் கொரியாவில் குடியரசுத் தலைவரை நீக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டாலும் கடைசி முடிவு அரசமைப்பு நீதிமன்றத்துடையது. 2017 மார்ச் 10, 2025 ஏப்ரல் 4 ஆகிய இரு நாட்களிலும் அங்கே எட்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தலைவரைப் பதவி நீக்கினார்கள்.

எல்லா நாட்டிலும் இந்த அதிகாரம் உண்டு என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் நாடாளுமன்றச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்று அரசமைப்பின் 120ஆவது பிரிவு தடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சிச் சட்டங்களை நீதிமன்றங்கள் அப்படியே கையாள வேண்டும். இரண்டுமே சர்வாதிகார நாடுகள் அல்ல.

தனியாக ஓர் அரசமைப்பு நீதிமன்றம் இருப்பதற்கும், வழக்கமான நீதிமன்றங்களே பார்ப்பதற்கும் என்ன வேறுபாடு?

அமெரிக்காவில் 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசமைப்புக்கு முரணான சட்டம் சட்டமே அல்ல என்றார். அங்கே எந்த நீதிபதியும், தன் முன் உள்ள சாதாரண வழக்கிலேயே, ஒரு சட்டத்தை ஒதுக்கி வைக்கலாம். ஆஸ்திரியாவில் ஹான்ஸ் கெல்சன் பங்கேற்று உருவான 1920ஆம் ஆண்டு அரசமைப்பு வேறு வழி வகுத்தது: சட்டத்தை நீக்கும் அதிகாரம் ஒரே ஒரு சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டும். மற்ற நீதிபதிகள் அந்த நீதிமன்றத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியா ஆகியவை இரண்டாவது வழியில் போயின.

இந்தக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கட்டத்தில்தான் நுட்பம் இருக்கிறது. ஜெர்மனியில் நீதிபதி, சட்டம் முரணானதுதான் என்று முழுமையாக நம்பினால் மட்டுமே கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், சந்தேகம் போதாது. இத்தாலியில் கேள்வி வெளிப்படையாகவே அடிப்படையற்றது என்று சொல்ல முடியாவிட்டால் போதும், அனுப்பிவிடலாம். இந்த ஒரு சொற்றொடர் வேறுபாடு, எத்தனை வழக்குகள் மேலே போகும் என்பதை நிர்ணயிக்கிறது.

இந்தியா எந்த வகை?

இரண்டுக்கும் நடுவில், ஆனால் அமெரிக்க வழிக்கு நெருக்கமாக. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் சட்டத்தை ரத்து செய்யலாம். கீழமை நீதிமன்றங்கள் செய்ய முடியாது. உரிமையியல் நீதிமன்றம் ஒன்று, தன் முன் உள்ள வழக்குக்குத் தேவைப்படும் சட்டம் செல்லாது என்று கருதினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆவது பிரிவின்படி தன் கருத்தை எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அரசமைப்பின் 228ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றமே அந்த வழக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளவும் முடியும். இந்த இரண்டு வழிகளும் இருப்பதே பல வழக்காடிகளுக்குத் தெரியாமல் கிடப்பது வருத்தமான விஷயம்.

உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் 32ஆவது பிரிவு அடிப்படை உரிமைகளுக்கு மட்டும்தான். உயர் நீதிமன்றத்தின் 226ஆவது பிரிவு அதைவிட அகலமானது. வேறு எந்த நோக்கத்துக்காகவும் என்ற சொற்கள் அதில் உண்டு. அதனால் ஓய்வூதியம், உரிமம், பட்டா போன்ற விவகாரங்களுக்கு ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) என்றால் சென்னை உயர் நீதிமன்றமோ, தென் மாவட்டங்களுக்கு 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளையோதான் இயல்பான இடம். 32இல் நேராக டில்லிக்குப் போனவர்களை முதலில் உயர் நீதிமன்றம் போங்கள் என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. அதை நம்பி மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. காரணம் சொல்லாமல் தாமதித்தால் அந்த ஒன்றை வைத்தே மனுவைத் தள்ளிவிடுவார்கள். மேல்முறையீட்டுக்கு வேறு வழி இருக்கும்போது அதைத் தாண்டி ரிட் போட்டாலும் பெரும்பாலும் இதே கதிதான். அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மறுப்பு, அதிகாரமே இல்லாத உத்தரவு, சட்டத்தையே எதிர்ப்பது ஆகியவை விதிவிலக்கு.

ஒரு சட்டத்தால் எனக்கு இன்னும் பாதிப்பு வரவில்லை. இருந்தாலும் வழக்குப் போடலாமா?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் முடியாது. 1992இல் லுஹான் வழக்கில் மூன்று நிபந்தனைகள் தெளிவாக வகுக்கப்பட்டன: உங்களுக்கென்று திட்டவட்டமான பாதிப்பு இருக்க வேண்டும், அது எதிர்த்தரப்பின் செயலால் வந்திருக்க வேண்டும், தீர்ப்பு அதைச் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பொதுநலன் கருதி என்று அங்கே மனு எழுதினால் முதல் பக்கத்திலேயே வழக்கு முடிந்துவிடும். யோசனை கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 1793இல் ஜார்ஜ் வாஷிங்டனின் அரசு சில சட்டக் கேள்விகளை அனுப்பியபோதே, வழக்கு இல்லாமல் கருத்துச் சொல்வதற்கில்லை என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். இந்தியாவில் 143ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். கனடாவிலும் அரசு இப்படிக் கேட்பது சகஜம்.

இந்தியாவின் நெகிழ்வுக்குப் பழைய உதாரணம் சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராசன் வழக்கில், மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்தாரா என்பதே அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை. விசாரித்தேன், இடம் கிடைக்காது என்று தெரிந்தது என்றுதான் சொல்லியிருந்தார். உயர் நீதிமன்றத்தில் அரசு இதைக் கிளப்பவில்லை. வென்றால் ஓர் இடம் ஒதுக்கவும் ஒப்புக்கொண்டிருந்தது. அதனால் 1951இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காக மனுவைத் தள்ளவில்லை. அதே சமயம், விண்ணப்பிக்காதவர் எல்லோரும் இனி இப்படி வரலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தது. அந்தத் தீர்ப்பின் விளைவாக அதே ஆண்டு முதலாவது திருத்தம் வந்து, 15ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது; இட ஒதுக்கீட்டுக்கு அரசமைப்பு அடிப்படை கிடைத்தது. அமெரிக்க அளவுகோல் இருந்திருந்தால் அந்த வழக்கு வாசலைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

கொலம்பியாவில் இன்னும் தாராளம். எந்தக் குடிமகனும், தனிப்பட்ட பாதிப்பு எதையும் காட்டாமல், ஒரு சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் துத்தேலா என்ற மனுவை எந்த நீதிபதியிடமும் வழக்கறிஞர் இல்லாமலே கொடுக்கலாம். 10 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். 1991ஆம் ஆண்டு அரசமைப்பு தந்த வழி இது. ஏழை நோயாளிகள் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் சாதாரண ஆள் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது?

அரசமைப்பு முறையீடு என்ற வழி இருக்கிறது. குடியுரிமை தேவையில்லை. கட்டணம் இல்லை. எழுத்து மூலமான மனுவுக்கு வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இதைக் கேட்டு எளிது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். 1951 முதல் இன்றுவரை வெற்றி பெற்றவை நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான்.

முதல் தடை, மற்ற எல்லா வழிகளையும் முடித்திருக்க வேண்டும் என்பது. இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி உண்டு. கீழ் நீதிமன்றம் என் வாதத்தைக் கேட்கவே இல்லை என்பது உங்கள் குறை என்றால், மேல்முறையீடுகள் முடிந்த பிறகும் அதே நீதிமன்றத்தில் கேட்கப்படாமைக்கான தனி ஆட்சேபம் ஒன்றை இரண்டு வாரத்துக்குள் போட வேண்டும். அதைப் போடாமல் கார்ல்ஸ்ரூவுக்குப் போனால், வழிகளை முடிக்கவில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது கெடு. காரணங்களுடன் கூடிய கடைசித் தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம். மனு மட்டும் அல்ல, அதற்கான முழு வாதமும் எதிர்க்கப்படும் தீர்ப்புகளின் நகல்களும் அந்த ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விவரம் பின்னர் அனுப்புகிறேன் என்பது செல்லாது. சாதாரண மின்னஞ்சலும் செல்லாது. சட்டத்தையே நேரடியாக எதிர்ப்பதானால் அது நடைமுறைக்கு வந்து ஓர் ஆண்டுக்குள். ஆனால் அந்தச் சட்டம் உங்களை இப்போதே, நேரடியாக, தனிப்பட்ட முறையில் தொட வேண்டும்.

மூன்றாவது, எழுதும் விதம். கீழ் நீதிமன்றம் தவறாகத் தீர்ப்புச் சொன்னது என்பது போதாது. எந்த அடிப்படை உரிமை, எந்தச் செயலால், எப்படி மீறப்பட்டது என்று காட்ட வேண்டும். அந்த நீதிமன்றம் தன்னை இன்னொரு மேல்முறையீட்டு மன்றமாக நினைப்பதில்லை.

உள்ளே போன மனுவை மூன்று நீதிபதிகள் கொண்ட சிறு அமர்வு முதலில் பார்க்கும். ஒருமனதாக ஏற்க மறுத்தால் காரணம்கூட எழுத வேண்டியதில்லை. அதற்கு மேல் முறையீடும் இல்லை. வேண்டுமென்றே துஷ்பிரயோகம் செய்ததாகக் கருதினால் 2,600 யூரோ வரை அபராதம் போடலாம். இத்தனைக்கும் பிறகு தேறும் அந்தச் சில முறையீடுகள்தான் நாட்டையே மாற்றியிருக்கின்றன. 2021 மார்ச்சில், 2030க்குப் பிந்தைய கார்பன் குறைப்புக்குச் சட்டத்தில் போதிய ஏற்பாடு இல்லை, அது இளையவர்களின் எதிர்காலச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று வந்த முடிவு அப்படி வந்ததுதான்.

பிரான்சில் சட்டம் வெளிவருவதற்கு முன்பே எதிர்க்கலாமாமே?

ஆமாம். 1958இல் அரசமைப்பு மன்றம் உருவானபோது அது மட்டும்தான் வழி. சட்டம் நிறைவேறிக் குடியரசுத் தலைவர் கையொப்பமிடும் முன், சில உயர் பதவியாளர்கள் மட்டும் அனுப்பலாம். 1974இல் 60 உறுப்பினர்கள் சேர்ந்தாலும் அனுப்பலாம் என்றானது. எதிர்க்கட்சிகளுக்கு அன்றுதான் உண்மையான ஆயுதம் கிடைத்தது. மன்றம் ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்றால் எட்டு நாளில்.

குடிமக்களுக்கான வழி 2008 திருத்தத்தால் உருவாகி, 2010 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஒரு வழக்கில் இருக்க வேண்டும். அந்த வழக்குக்குப் பொருந்தும் சட்டம் உங்கள் உரிமையை மீறுகிறது என்ற கேள்வியைத் தனி மனுவாக, காரணங்களுடன் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமான வாத உரைக்குள் ஒரு பத்தியாக எழுதிவிட்டால் ஏற்க மாட்டார்கள். வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தச் சின்ன விஷயத்தில் விழுந்துவிடும். நீதிபதி தானாக இதைக் கிளப்பவும் முடியாது. கீழ் நீதிமன்றம் ஏற்றால் உச்ச நிர்வாக நீதிமன்றமோ உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமோ மூன்று மாதம் எடுத்து வடிகட்டும். அது தேறினால் அரசமைப்பு மன்றம் மூன்று மாதத்தில் முடிவு சொல்லும். அந்தப் பிரிவு செல்லும் என்று மன்றம் முன்பே அறிவித்திருந்தால், சூழ்நிலை மாறியிருந்தால் ஒழிய மறுபடி கேட்க முடியாது.

இலங்கையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யுமா?

செய்யாது. இந்திய வாசகர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 1978ஆம் ஆண்டு அரசமைப்பின்படி சட்டமூலம் (மசோதா) சட்டமாவதற்கு முன்பு மட்டுமே உயர் நீதிமன்றம் பார்க்கும் (அங்கே நாட்டின் உச்ச அமைப்பு அதுதான்). சபாநாயகர் சான்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகு 80(3) பிரிவு எல்லா நீதிமன்றங்களின் கதவையும் அடைத்துவிடுகிறது. 1978க்கு முன்பிருந்த சட்டங்களோ அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் 16ஆவது பிரிவின்படி தொடர்ந்து செல்லும்.

ஆகவே எல்லாம் வேகத்தைப் பொறுத்தது. சட்டமூலம் வர்த்தமானியில் (அரசிதழில்) வெளியான அன்றே படித்துவிட வேண்டும். நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களே மனுவுக்குக் கிடைக்கும். எந்தக் குடிமகனும் மனு போடலாம், பாதிப்பைக் காட்டத் தேவையில்லை. ஆனால் அதே வேளையில் மனுவின் பிரதியைச் சபாநாயகருக்கும் கொடுத்தாக வேண்டும். அது தவறினால் மனுவே தவறிவிடும். நீதிமன்றம் மூன்று வாரத்தில் முடிவைச் சொல்லும். அந்த முடிவு ரத்து என்று இருக்காது. இன்ன பிரிவு முரணானது, அப்படியே நிறைவேற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும், அல்லது அதோடு மக்கள் தீர்ப்பும் (பொதுவாக்கெடுப்பும்) வேண்டும், இப்படித் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று இருக்கும்.

ஓட்டை இருப்பது, நாடாளுமன்றம் சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகப் பரிசீலிக்கும் குழு நிலையில். அங்கே புதிதாகச் சேர்க்கப்படும் திருத்தங்களை யாரும் நீதிமன்றத்தில் கேட்க முடியாது, ஏனென்றால் மனுவுக்கான நாட்கள் முடிந்திருக்கும். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு இருந்தபோதே 2024 பிப்ரவரி 1 அன்று சபாநாயகர் சான்று அளித்தார். அதை எதிர்த்துப் போன மனு 80(3) என்ற சுவரில் மோதி நின்றது. நீதிமன்றத்தின் சொல்லை நாடாளுமன்றம் கடைப்பிடித்ததா என்று பார்க்க அதே நீதிமன்றத்துக்கே வழியில்லாத ஏற்பாடு இது. உடனே திருத்தப்பட வேண்டிய குறை.

அப்படியானால் இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் மனு எதற்கு?

அது சட்டத்துக்கு எதிரானது அல்ல. நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது. 126ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே இந்த அதிகாரம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் சட்டத்தரணியோ (வழக்கறிஞரோ) மனு செய்ய வேண்டும். முதலில் விசாரிக்க அனுமதி, பிறகுதான் விசாரணை.

ஒரு மாதம் மிகக் குறைவு. மீறல் நடந்தவர் தடுப்புக் காவலிலோ மருத்துவமனையிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டு ரசீதோடு நின்றுவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களையும் வாங்கி மனுவோடு இணையுங்கள்.

இந்த வழியின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2018 நவம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்ததை, ஏழு நீதிபதிகள் டிசம்பர் 13 அன்று ஒருமனதாகச் செல்லாது என்றது இத்தகைய மனுக்களில்தான். 2019 ஈஸ்டர் ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று சொன்னதும் இதே வழியில்தான்.

மலேசியாவில்?

அரசமைப்பே உச்சச் சட்டம் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. அடிப்படைச் சுதந்திரம் மீறப்பட்டது என்ற வாதத்தை உயர் நீதிமன்றத்தில் தொடங்கலாம். ஆனால் அந்தப் பொருளில் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அல்லது மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது வாதமானால், கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் முன் அனுமதி வாங்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் தவறான நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரும். நிர்வாக உத்தரவை எதிர்க்கும் நீதிமுறை மறுஆய்வு மனுவுக்கு மூன்று மாதக் கெடு.

சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. மறுநாள் என்ன ஆகும்?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் ஒன்றும் ஆகாது. 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் முரண் அறிவிப்பு மட்டும் தரலாம். நாடாளுமன்றச் சட்டம் அப்படியே செல்லும். வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணையின்றி அடைத்து வைத்த சட்டம் முரணானது என்று 2004 டிசம்பர் 16 அன்று அப்போது நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை நீதிபதிகள் எட்டுக்கு ஒன்று என்று சொன்னார்கள். அன்று யாரும் விடுதலையாகவில்லை. அரசியல் அழுத்தத்தால் அடுத்த மார்ச்சில் புதிய சட்டம் வந்தது.

கனடாவில் நீதிமன்றம் ரத்து செய்யலாம், ஆனால் சில உரிமைகளைப் பொறுத்தவரை சட்டமன்றம் 33ஆவது பிரிவைப் பயன்படுத்தி, இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று அறிவிக்கலாம். அது ஐந்து ஆண்டுக்கு மட்டும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பிரான்சிலும் தென்னாப்பிரிக்காவிலும் கெடு கொடுக்கும் வழக்கம் உண்டு. காவல் நிலையத்தில் வழக்கறிஞர் உதவியின்றித் தடுத்து வைக்கும் நடைமுறையைப் பிரெஞ்சு மன்றம் 2010 ஜூலை 30 அன்று செல்லாது என்றது, ஆனால் 2011 ஜூலை 1 முதல்தான் என்றது. இடைப்பட்ட மாதங்களில் பிடிபட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பயன் இல்லை. ஒருபாலினத் திருமணம் பற்றித் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2005 டிசம்பர் 1 அன்று 12 மாதக் கெடு வைத்தது. கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு, 2006 நவம்பர் 30 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 13ஆவது பிரிவின்படி முரணான சட்டம் செல்லாது, அவ்வளவுதான். சிக்கல் காகிதத்தில் இல்லை. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2021இல் நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்து, 2022 அக்டோபரில் இனி யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அச்சாகியே இருந்தது, அடிக்குறிப்பில்தான் ரத்தான செய்தி. ஜெர்மனியில் இத்தகைய முடிவின் வாசகம் கூட்டாட்சிச் சட்ட அரசிதழிலேயே வெளியாகிச் சட்டத்தின் வலுவைப் பெறுகிறது. இந்தியா கடன் வாங்க வேண்டிய எளிய நடைமுறை அது.

அரசமைப்புத் திருத்தத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாமா?

இந்தியாவில் செய்யலாம். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் ஏழு பேர், அரசமைப்பின் ஆதாரக் கூறுகளான அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாது என்றார்கள். ஜெர்மனியில் இந்த வேலையை நீதிபதிகளுக்கு விடாமல் 79(3) பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்: மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி முதலியவற்றைத் தொட முடியாது. பிரெஞ்சு மன்றம் 2003இல் திருத்தங்களைப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஒதுங்கியது. கென்ய உச்ச நீதிமன்றம் இந்தியக் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்து, 2022 மார்ச் 31 அன்று எங்களுக்கு இது பொருந்தாது என்றது. இலங்கையில் சில பிரிவுகளை மாற்ற மக்கள் தீர்ப்பு வேண்டும் என்பதே பூட்டு. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்துக்கு அது தேவையா என்பதில் ஒன்பது நீதிபதிகள் நூலிழையில் பிரிந்தார்கள்.

தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புடையது 2007ஆம் ஆண்டு கோயெல்யோ தீர்ப்பு. நீலகிரியின் கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு நீதிமன்றச் சோதனையிலிருந்து காக்க ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற அளவுகோலால் சோதிக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 1994இல் 76ஆவது திருத்தத்தால் அந்த அட்டவணைக்குப் போன தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் அதனால் முழுக் காப்பு இல்லை.

நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள்?

ஜெர்மனியில் 16 பேர். பாதிப் பேரைக் கீழவையும் பாதிப் பேரை மாநிலங்களவையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தேர்ந்தெடுக்கின்றன. 12 ஆண்டு, மறு நியமனம் இல்லை. பிரான்சில் ஒன்பது பேர், ஒன்பது ஆண்டு. அமெரிக்காவில் ஒன்பது பேர், ஆயுள் முழுவதும். தென்னாப்பிரிக்காவில் 11 பேர். இந்தியாவில் கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு, அதை மாற்ற வந்த 99ஆவது திருத்தம் 2015 அக்டோபர் 16 அன்று நாலுக்கு ஒன்று என்று ரத்தானது. ஆயுள் பதவியைவிட, நீண்ட ஒற்றைப் பதவிக்காலமும் எதிர்க்கட்சியின் சம்மதம் தேவைப்படும் தேர்வும் மேலானவை என்பது எங்கள் கருத்து.

நீதிமன்றத்தை மூடாமலே செயலிழக்க வைக்க முடியுமா?

முடியும், செய்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லத் தேவையான தலைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதுதான் எளிய வழி. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 42ஆவது திருத்தம் 144ஏ பிரிவைச் சேர்த்தது: சட்டத்தின் செல்லுபடியை ஏழு நீதிபதிகளாவது விசாரிக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால்தான் ரத்து. ஏழில் நாலு பேர் முரண் என்றாலும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். ஜனதா அரசு 43ஆவது திருத்தத்தால் அதை நீக்கியது. போலந்தில் 2015 டிசம்பரில் வந்த சட்டம் அதே அச்சில் வார்த்தது: 15இல் 13 நீதிபதிகள் இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கூடவே வழக்குகளை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். அந்தச் சட்டமே செல்லாது என்று 2016 மார்ச் 9 அன்று அந்நாட்டு அரசமைப்புத் தீர்ப்பாயம் சொன்னபோது, அரசு தீர்ப்பை அரசிதழில் வெளியிட மறுத்தது.

காலியிடத்தை நிரப்பாமல் விடுவது இன்னொரு வழி. தென் கொரியாவில் ஏழு பேர் இருந்தால்தான் விசாரணை. 2024 அக்டோபரில் மூவர் ஓய்வுபெற்று ஆறு பேரே மிஞ்சும் நிலை வந்தபோது, நீதிமன்றம் அந்த ஏழு பேர் விதியையே இடைக்காலமாக நிறுத்தி வைத்து வேலையைத் தொடர்ந்தது. இவற்றைப் பார்த்த ஜெர்மனி, அதுவரை சாதாரணச் சட்டத்தில் இருந்த 16 நீதிபதிகள், இரண்டு அமர்வுகள், 12 ஆண்டு ஆகியவற்றை 2024 டிசம்பரில் அரசமைப்புக்குள்ளேயே ஏற்றிவிட்டது. இனி அவற்றை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு தேவை.

எத்தனை சட்டங்கள் ரத்தாயின என்ற எண்ணிக்கையை வைத்து நாடுகளை ஒப்பிடலாமா?

கூடாது. இலங்கையில் சட்டமூலக் கட்டத்திலேயே திருத்தப்படுவதால் ரத்து என்ற எண்ணிக்கை எப்போதும் பூச்சியம். பிரான்சில் இப்படிப் பொருள் கொண்டால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனையோடு சட்டத்தை விட்டுவைப்பார்கள். இந்தியாவிலும் பொருளைச் சுருக்கிக் காப்பாற்றுவது வழக்கம். எண்ணிக்கையில் அவையெல்லாம் சட்டம் செல்லும் என்ற பக்கம் சேர்ந்துவிடும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே வகை உரிமையில் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு நாலு தேதிகளைக் குறியுங்கள்: மீறல் நடந்த நாள், மனு செய்த நாள், தீர்ப்பு நாள், தீர்ப்பின்படி சட்டமோ நடைமுறையோ உண்மையில் மாறிய நாள். கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அரசிதழ், காவல்துறைச் சுற்றறிக்கை, திருத்தச் சட்டம் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.